ஆண்டவர் வருவார் என்ற மாதத்தில் அக்கா வெட்டிய கிணறு

அக்கா கண்மூடி இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அக்காவைத் தெரிந்தவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வேலையை விட்டு வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இதை எழுதும் உரிமை அக்காவின் பிள்ளைகளுக்குத்தான் உண்டு. ஆனால் கிணற்றுக் கதை தங்களுக்குப் பாதிதான் தெரியும் என்று சொல்லி, இருவரும் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் வளர்ந்த ஆளாக இருந்து கண்ணால் கண்டவர்களில் இன்று மிச்சம் நான் ஒருவன்தான். இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாதம் முழுவதும் நான் அக்காவின் பக்கம் நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்றேன். அதை நான் சொல்வதுதான் முறை.

அக்கா தொண்டூரில் பிறந்தார். எங்கள் நைனா அங்கே ஒரு பண்ணையில் ஆண்டு முழுக்க உழைத்துத் தானியம் வாங்கும் படியாள். எங்களுக்குச் சாண் நிலம் கிடையாது. குடிசை நின்ற மண்கூடப் பண்ணைக்காரருடையது. எனக்கு நாலு வயதும் அக்காவுக்குப் பதினான்கும் இருக்கும்போது வாந்திபேதி வந்து, ஒரே வாரத்தில் நைனாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே நடவுக்கும் களைக்கும் போனார். இரண்டு வருடம் கழித்துச் செஞ்சிக்கு மேற்கே உள்ள காலனியிலிருந்து மாமா பெண் கேட்டு வந்தபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "எந்தம்பியும் எங்கூட வருவான். அதுக்கு சம்மதம்னா சரி." மாமா நல்ல மனுஷர். சம்மதித்தார்.

மாமாவுக்குக் கல் குவாரியில் வேலை. பாறையில் குழி போட்டு வெடி வைப்பதில் கெட்டிக்காரர். அக்கா அதே குவாரியில் ஜல்லி உடைத்தார். உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருக்கும். அந்தக் கையால் அடித்த அடியும் எனக்கு நினைவிருக்கிறது, அந்தக் கையால் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் நினைவிருக்கிறது. அவர் படித்தது சபைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை. என்னைப் பதினோராம் வகுப்பு வரை செஞ்சியில் படிக்க வைத்தார். எங்கள் காலனியில் அதுவரை படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை என்னுடையது அல்ல, அக்காவுடையது.

அக்காவின் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லாமல் கிணற்றைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆண்டவர் மறுபடியும் வருவார் என்பதை மற்றவர்கள் கோயிலில் சொன்னார்கள். அக்கா அதை, வெளியூர் போன வீட்டு ஆள் திரும்பி வருவதைப்போல வீட்டில் பேசுவார். விடியற்காலையில் வாசலைப் பெருக்கும்போதே, "இன்னிக்கி வந்தாலும் வரட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். பொய் சொன்ன பிள்ளையைப் பிடித்தால், "அவரு இப்ப வந்தா இந்த மூஞ்சியத்தான் காட்டுவியா?" என்பார். எந்த நாள், எந்த நேரம் என்று அவர் கேட்டதே இல்லை. அது யாருக்கும் தெரியாது என்று எங்கள் கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியார் ஞாயிறுதோறும் சொல்வார். அக்காவுக்கு அது போதும்.

அக்காவின் முதல் குழந்தை பெண். எங்கள் வீட்டுச் செல்லம். அறுபதுகளில் தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. காலனிக்கு அப்போது சொந்தக் கிணறு கிடையாது. ஊர்க் கிணற்றில் நாங்கள் கயிறு போடக்கூடாது. குடத்தோடு எட்டி நிற்க வேண்டும். யாராவது மனமிரங்கி ஊற்றினால் உண்டு. முதல் கோடையில் ஊருக்கே தண்ணீர் குறைந்தபோது அதுவும் நின்றது. மாடு குளிக்கும் குட்டையில் ஊற்று தோண்டி, துணியில் வடிகட்டிக் குடித்தோம். அந்தக் கோடையில் வயிற்றுப்போக்கு வந்து குழந்தை போய்விட்டாள். அவளுக்கு ஐந்து வயது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அக்கா குவாரிக்குப் போகவில்லை. காலனிப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் நின்றார்.

"கெணறு வெட்டணும்" என்றார்.

"எடம்?" என்றார் ஒருவர்.

"கோயிலுக்குப் பின்னால பொறம்போக்கு இருக்குது. கேப்போம்."

அந்த அனுமதிக்கு அக்கா எத்தனை நடை நடந்தார் என்று நான் எண்ணவில்லை. அடுத்த பங்குனியில் அனுமதி கிடைத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்து வெட்டத் தொடங்கினோம். மூன்று ஆள் உயரம் மண்ணும் சரளையுமாக வந்தது. பிறகு பாறை. அதற்கு மேல் மாமாவின் வெடியை நம்பித்தான் வேலை நடந்தது. ஆனி மாதக் கடைசியில் ஐந்து ஆள் உயரம் போயிருந்தோம். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அப்போதுதான் அந்தப் பிரசங்கியார் வந்தார். தெற்கே எங்கிருந்தோ நடந்து வந்தவர். வயது முப்பது இருக்கும். வெள்ளை ஜிப்பா, வெறுங்கால், உருக்கமான குரல். கோயில் முற்றத்தில் நின்று பேசினார் என்றால் அழாதவர் கிடையாது. ஆண்டவர் வருகிறார், ஆடி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுதில் வருகிறார் என்று தமக்குத் தரிசனம் கிடைத்ததாகச் சொன்னார். உலக வேலையை விட்டுவிட்டு வெள்ளை உடுத்தி மலைமேல் காத்திருக்க வேண்டும் என்றார். உபதேசியார் மறுத்துப் பேசினார். அவர் குரல் எடுபடவில்லை.

இன்று இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு அப்போது வரவில்லை. இரண்டு வருடப் பஞ்சம். தினமும் ஊர்க் கிணற்றருகே நிற்கிற அவமானம். வீட்டுக்கு ஒரு சாவு. இதெல்லாம் இந்த மாதத்தோடு முடிந்துவிடும் என்று ஒருவர் தேதி சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? கூலிக்குப் போவது நின்றது. கோழியும் ஆடும் அடித்துக் கூடிச் சாப்பிட்டார்கள். ஆடி விதைப்புக்கு யாரும் ஏரைத் தொடவில்லை. கிணற்று வேலையும் நின்றது. சம்மட்டியையும் உளிகளையும் திண்டிவனம் ரோட்டோரம் எறியப் போன மாமாவின் கையிலிருந்து அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

எனக்கு அந்த வாரம்தான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. நான் அதைக் கூரையில் செருகிவிட்டு மலைமேல் பாடவேண்டிய பாட்டுகளைப் பழகிக்கொண்டிருந்தேன்.

"போய் சேருடா" என்றார் அக்கா.

"இன்னும் மூணு வாரத்துல அவரு வந்துடுவாரு. போயி இன்னா பண்றது?"

"வந்தா, பள்ளிக்கூடத்துல இருக்கிறவன மட்டும் உட்டுட்டா போவாரு? நீ போ."

நான் போகவில்லை. சேரும் நாள் கடந்தது. அக்கா அழுததை நான் பார்த்தது குழந்தைக்குப் பிறகு அன்றுதான்.

மறுநாள் காலையில் அக்கா சம்மட்டியோடு கிணற்றில் இறங்கினார். கூட நான்கு பெண்கள். ஒருத்தர் கர்ப்பிணி, ஒருத்தர் எங்கள் பக்கத்து வீட்டு விதவை, மற்ற இருவர் அக்காவோடு ஜல்லி உடைத்தவர்கள். வெடி கிடையாது. பாறையில் விரிசல் ஓடும் இடம் பார்த்து உளியால் குழி எடுத்து, இரும்பு ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்துப் பிளந்தார்கள். ஒரு நாள் முழுக்க அடித்தால் நாலைந்து கூடை கல் மேலே வரும். கோயில் முற்றத்தில் நாங்கள் பாடும்போது பாட்டுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்கும்.

பிரசங்கியாருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் எங்களையும் கூட்டிக்கொண்டு கிணற்று மேட்டுக்கு வந்தார். அக்கா மேலே ஏறி வந்து, சேலையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மரியாதையாக நின்றார். உடம்பெல்லாம் கல்தூள்.

"அம்மா, எஜமான் வாசல்ல வந்து நிக்கிறாரு. நீங்க இன்னும் கிணறு வெட்டிக்கிட்டு இருக்கீங்களே, இது அவிசுவாசமில்லையா?"

"வர்றாருன்னுதான் நானும் சொல்றேன் ஐயா. அத்தினி தூரத்துலேர்ந்து வர்றவரு, தண்ணி வேணும்னு கேட்டா? ஊர்க் கெணத்தாண்ட போயி எட்டி நின்னு கையேந்திக் குடின்னு அவரையும் சொல்றதா?"

பிரசங்கியார் கோயில் பக்கம் திரும்பி நடந்தார். நாங்களும் அவர் பின்னாலேயே போனோம். பிடிவாதம் அப்படிப்பட்டது.

வீட்டில் மாமா வேறு விதமாகக் கேட்டார். கோபமாக அல்ல, கெஞ்சும் குரலில். "அன்னிக்கி நம்ம பொண்ணு எழுந்து வருவா. உனக்குப் பாக்க வேணாமா? ஏன் இப்படிக் கல்ல அடிச்சிக்கினு கெடக்கற?"

அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எனக்குத்தான்யா எல்லாரையும் விட அவசரம். ஆனா அவ எழுந்து வந்து அம்மா தண்ணின்னு கேட்டா, மறுபடியும் அந்தக் குட்டைத் தண்ணியவா நான் மொண்டு குடுப்பேன்?"

மாமா சாப்பிடாமல் எழுந்து வெளியே போனார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அதைக் கேட்டும் வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலனிக்குத் தெற்கே ஒரு மொட்டைப் பாறைக் குன்று உண்டு. செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை அங்கிருந்து நன்றாகத் தெரியும். விடிவதற்குள் அறுபது பேர் மேலே ஏறிவிட்டோம். அக்கா வரவில்லை. ஓய்வுநாள் என்பதால் கிணற்றிலும் இறங்கவில்லை. உபதேசியாரோடு கோயிலில் ஆராதனை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பாடினோம். பொழுது ஏற ஏறக் குரல் உயர்ந்தது. உச்சி வேளையில் எல்லாரும் எழுந்து நின்று வானத்தைப் பார்த்தோம். வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு பருந்து சுற்றியது. நிழல் காலடியிலிருந்து மெல்லக் கிழக்கே நகர்ந்தது. யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பாறை கொதித்தது. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்தது. குழந்தைகள் அழுதன. ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது: "இன்னா பிரசங்கியாரே, மணி இன்னா ஆவுது?"

பிரசங்கியார் பாறையில் முகம் பதித்துக் கிடந்தார். முதுகு குலுங்கியது. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தமது வார்த்தையைத் தாமே நம்பியிருந்தார்.

தன்னிடம் இருந்த இரண்டு ஆடுகளையும் அடித்துச் சாப்பிட்டுவிட்ட ஒருவர், அவரது ஜிப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பின்னால் நாங்கள். சிலர் கையில் கம்பு இருந்தது. என் கையிலும் இருந்தது.

குன்றின் அடிவாரத்தில் பாதை ஓரமாக அக்கா நின்றிருந்தார். பக்கத்தில் இரண்டு பெரிய பானைகளில் கேழ்வரகுக் கூழ். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த தானியம் அவ்வளவும் அதில் இருந்தது. முதல்நாளே ஊர்க் கிணற்றருகே நாள் முழுக்க நின்று அதற்குத் தண்ணீர் சேர்த்திருக்கிறார். கூட அந்த நான்கு பெண்கள், கையில் சிரட்டைகளோடு.

அக்கா கூட்டத்துக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"உடுப்பா அவர."

"உனக்கு ஒண்ணும் போவல, நீ பேசுவ. எங்க பொழப்பே போச்சு" என்றார் ஜிப்பாவைப் பிடித்திருந்தவர்.

"எனக்கு இன்னா போச்சின்னு உனக்குத் தெரியும். உடு. இன்னிக்கி வரல, சரி. நாளைக்கே வந்துட்டாருன்னா? கையில கம்போடவா அவரு முன்னால நிப்பீங்க?"

ஆடுகளை இழந்தவர் ஜிப்பாவை விட்டார். நான் கம்பை எங்கே போட்டேன் என்று எனக்குத் தெரியாது. அக்கா முதல் சிரட்டைக் கூழைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். பிறகு மயங்கி விழுந்த பெரியவருக்கு. அடுத்ததைப் பிரசங்கியாரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "குடிங்க ஐயா, காலையிலேர்ந்து வெறும் வயிறு" என்று அக்கா மறுபடி சொன்னபின் வாங்கினார். அன்று அந்த இடத்தில் அறுபது பேர் தலைகுனிந்து உட்கார்ந்து கூழ் குடித்தோம். பெண்கள் ஐந்து பேரும் பரிமாறினார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

திங்கட்கிழமை காலை அக்கா கிணற்றில் இறங்கியபோது, மேட்டில் முதலில் வந்து நின்றவர் பிரசங்கியார். "எனக்கு ஒரு கூடை குடுங்கம்மா" என்றார். நான்கு நாள் கல் சுமந்தார். போகும்போது அக்காவிடம், "நான் பொய் சொல்லலம்மா" என்றார்.

"தெரியும் ஐயா. வருவாருன்னு சொன்னது சரிதான். நாள நீங்க குறிச்சீங்க பாருங்க, அது மட்டுந்தான் தப்பு. எங்கியாவது போயி நல்லா இருங்க."

அவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அவருக்காக அக்கா கடைசி வரை ஜெபித்தார் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மாமாதான் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். நாலாம் நாள் அக்கா சோற்றைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல, "கெழக்குப் பக்கம் பாற ஒரு மாதிரி சத்தம் குடுக்குது. எங்க அடிக்கணும்னு எனக்கு வாட்டம் புரியல. நீ வந்து பாரேன்" என்றார். மாமா நிமிர்ந்து பார்த்தார். சம்மட்டியும் உளிகளும் துடைத்து வைத்தபடி மூலையில் இருந்தன. எடுத்துக்கொண்டு போனார். அக்காவுக்கு உண்மையிலேயே புரியவில்லையா, இல்லை மாமாவை எழுப்ப அப்படிச் சொன்னாரா என்று நான் பல வருடம் கழித்துக் கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

ஊரில் கேலி அடங்கச் சில நாள் ஆனது. செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு செட்டியார், அக்காவைப் பார்த்து, "இன்னாம்மா, மேல போறதா சொன்னாங்க, இன்னும் இங்கியேதான் இருக்கீங்களா?" என்றார். அக்கா முகம் மாறாமல், "போற நாள் வரைக்கும் குழம்புக்கு உப்பு வேணுமில்ல செட்டியாரே, போடுங்க" என்றார். செட்டியார் சிரித்துவிட்டார். அதற்கு மேல் அந்தக் கடையில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதினைந்து நாளுக்குள் கிழக்குப் பக்கம் மாமா வைத்த வெடியில் ஊற்று உடைந்தது. கலங்கிய தண்ணீர் முதலில் கணுக்கால் அளவு நின்றது. விடிந்து பார்த்தால் இடுப்பளவு. உபதேசியார் ஜெபம் செய்தார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் ஊர்க் கிணறு வற்றியது. எங்களுக்குத் தண்ணீர் ஊற்ற மறுத்த வீட்டுப் பெண்கள் குடத்தோடு காலனி எல்லையில் வந்து தயங்கி நின்றார்கள். பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும் என்று எங்கள் இளவட்டங்கள் முறுக்கிக்கொண்டு நின்றோம். அக்கா கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்களில் மூத்தவர் கையில் கொடுத்தார். "நாங்க ஊத்த மாட்டோம். நீங்களே சேந்திக்குங்க. இந்தக் கெணத்துல யாரும் எட்டி நிக்கிற வழக்கம் கெடையாது." அந்த நாளைப் போல என் வாழ்நாளில் நான் நெஞ்சு நிமிர்ந்து நின்றதில்லை.

என்னை அக்கா விடவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பம் போட வைத்து, பஸ் ஏற்றி அனுப்பினார். முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியராக இருந்தேன். கிணற்றுக்குப் பிறகு பிறந்த அவர் பிள்ளைகளில் மூத்தவன் மின்வாரியத்தில் வேலை செய்தான், இளையவன் கல்லூரியில் பாடம் நடத்துகிறான். மாமா இருபது வருடத்துக்கு முன்பு காலமானார். கடைசி மூச்சில் அவர் கை அக்காவின் கையில்தான் இருந்தது.

அக்கா எண்பது கடந்தும் வாசலைத் தானே பெருக்கினார். கடைசி இரண்டு மாதம்தான் படுக்கை. பார்க்க வந்த போதகர், "அம்மா, ஆண்டவர் வருகைக்கு ஆயத்தமா இருக்கீங்களா?" என்று கேட்டார். "நானா? எப்பவோ ஆயத்தம். கஞ்சி குடிச்சிட்டீங்களா நீங்க?" என்றார். நினைவு தவறாமல், வலி என்று சொல்லாமல், ஒரு காலை வேளையில் பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் இருக்கப் போய்விட்டார்.

அந்த இரண்டு மாதமும் இரவு பகல் பாராமல் அக்காவைத் தூக்கிக் குளிப்பாட்டிய மருமகள்கள் இருவருக்கும், அழைத்தபோதெல்லாம் வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியர் தங்கைக்கும், ஆராதனை நடத்திய போதகருக்கும், பாடிய சபையாருக்கும், ஊரிலிருந்து மாலையோடு வந்து கடைசி வரை நடந்த குடும்பங்களுக்கும், அடக்கத்தன்று வந்த எல்லாருக்கும் உணவு சமைத்த காலனிப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

ஓராண்டு ஆகியும் அக்காவுக்கு ஏன் கல்லறை கட்டவில்லை, பிள்ளைகளுக்கு வசதி இல்லையா என்று உறவினர் சிலர் வருத்தத்தோடு கேட்டீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. வசதி இருக்கிறது. போவதற்கு ஒரு வாரம் முன்பு அக்கா எங்கள் மூவரையும் அருகில் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம்மேல சிமெண்டு கிமெண்டு போட்டுப் பூசிடாதீங்கடா. வெறும் மண்ணா உடுங்க. அவரு கூப்புடறப்ப நான் சட்டுனு எழுந்துக்கணும்."